மண்ணில் சாவி இறங்கினால் ஆட்டம் உண்டு

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் ரக்பி கிளப்பின் முதல் வேலை காலை எட்டு மணிக்கு நடக்கும். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கோட்டுப் பையிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுப்பார். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து மண்ணில் குத்துவார். சாவி கழுத்து வரை இறங்கினால் நகர்ந்து அடுத்த இடம். பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்திப் பார்ப்பார். ஆஷ் மரத்து நிழல் விழும் தூர மூலைதான் கடைசி. அங்கே பனி விலக நேரமாகும். சாவி இறங்கவில்லை என்றால் மண் கல்லாக உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் ஒருவரைச் சாய்த்தால் தோள்பட்டை போய்விடும். ஒன்பது மணிக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எதிரணியின் பஸ் பத்து மணிக்குக் கிளம்பிவிடும்.

நான் கோவில்பட்டிக்காரி. ஹாக்கி ஊர். அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய், கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே போட்டி பார்த்த நாட்கள்தான் எனக்கும் விளையாட்டுக்கும் இருந்த உறவு. கல்யாணமாகி இங்கிலாந்தில் வார்விக்‌ஷயர் பக்கம் ஒரு சிறிய ஊருக்கு வந்தேன். ரக்பி என்ற ஆட்டத்துக்குப் பெயர் தந்த ரக்பி நகரம் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று அங்குள்ள பள்ளியில் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். அது உண்மையில் நடந்ததா என்பதில் வரலாற்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து மக்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்!

மகனுக்கு ஆறு வயதானபோது அவனுடைய வகுப்பு நண்பனோடு ஞாயிறு காலைப் பயிற்சிக்குப் போனான். அவனைக் கூட்டிப் போன நான் அங்கேயே தங்கிவிட்டேன். முதலில் தேநீர்க் கவுண்டர். அப்புறம் பிள்ளைகளின் பெயர்ப் பதிவு. அப்புறம் சிறுவர் பிரிவுப் பொறுப்பு. 2019-இல் கிளப்பின் தலைவர் ஆனேன். இந்த மே மாதத்தோடு பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கிறேன். ஏழு ஆண்டுகளில் கற்றதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. தமிழ்ப் பள்ளியோ, ஊர்ச் சங்கமோ, கிரிக்கெட் அணியோ நடத்துகிறவர்கள் இதில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பந்தோடு போய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் அது டிரை, 5 புள்ளிகள். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவது ஸ்க்ரம். இங்கிலாந்தில் 7, 8 வயதுப் பிரிவுகளில் மோதல் கிடையாது. இடுப்புப் பட்டையில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும். ஆளைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிள் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்துதான் தொடங்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பேரன் முதல்முறை டேக்கிளில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அந்தப் பயலுவள விலக்கிவிடச் சொல்லு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவன் எழுந்து, தன்னைச் சாய்த்த பையனுக்கே கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அம்மா அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

நான் தலைவரான கதையில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் "அடுத்த தலைவருக்கு யாராவது?" என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எங்களிடம் அப்போது ஆண்கள் அணி மூன்று, சிறுவர் பிரிவுகள் ஒன்பது, ஒரு கிளப் வீடு, ஒழுகும் கூரை. இதையெல்லாம் நடத்துவதற்கு உண்மையில் வேலை செய்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்.

முதல் மாதம் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினேன். கிளப்புக்குத் தன்னார்வலர்கள் தேவை, முன்வாருங்கள் என்று. நானூறு பேருக்குப் போன கடிதத்துக்கு ஒரு பதில்கூட வரவில்லை. மனம் விட்டுப்போனது. பிறகு யோசித்தபோது புரிந்தது, எல்லோரிடமும் கேட்பது யாரிடமும் கேட்காததற்குச் சமம். யாரோ செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அதோடு, "உதவி" என்றால் எவ்வளவு என்று தெரியாமல் யார் தலையைக் கொடுப்பார்கள்? அடுத்த மாதம் வழியை மாற்றினேன். ஞாயிறு காலை மைதான ஓரத்தில் நின்று ஒவ்வொருவராகப் பேசினேன். "மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, தேநீர்க் கவுண்டர். உங்களால் முடியுமா?" என்று நேரம், இடம், வேலை மூன்றையும் சொல்லிக் கேட்டேன். பத்துப் பேரிடம் கேட்டால் ஆறு பேர் சரி என்றார்கள். ஒருவர், "ஆறு வருஷமா இங்க வந்து நிக்கிறேன், யாரும் என்கிட்ட கேட்டதே இல்லையே" என்றார். கணக்காளராக வேலை பார்ப்பவர் அவர். இன்று எங்கள் பொருளாளர்.

பெரிய பொறுப்புகளைத் துண்டு போட்டதும் பலன் கொடுத்தது. செயலாளர் என்ற ஒரு நாற்காலியில் பதினேழு வேலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. போட்டித் தேதி பேசுவது ஒருவர், நடுவருக்கு உறுதிசெய்வது ஒருவர், பயிற்சியாளர்களின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒருவர் என்று பிரித்தோம். சிறுவர்களோடு பழகும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சரிபார்ப்பு கட்டாயம். இதில் மட்டும் தெரிந்தவர், நல்லவர் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களைப் போன்ற கிளப்புகள் பெரும்பாலும் பார் வருமானத்தை நம்பி நிற்கும். இரண்டு சனிக்கிழமை பனியில் ஆட்டம் ரத்தானால் மின்கட்டணம் கட்டக் கை நடுங்கும். நாங்கள் செய்தவை இரண்டு. சமூக அமெச்சூர் விளையாட்டுக் கிளப் என்று வரித்துறையில் பதிந்துகொண்டோம். அதனால் கட்டட வரியில் 80 சதவீதம் சலுகை கிடைத்தது. வார நாட்களில் பூட்டியே கிடந்த கூடத்தை மழலையர் குழுவுக்கும் யோகா வகுப்புக்கும் வாடகைக்கு விட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் சீசன் பாதியில் நின்றபோது, கையிருப்பில் ஐந்து மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. அது இல்லாவிட்டால் கதவை மூடியிருப்போம்.

இனி நான் செய்த பெரிய தவறு. தலைவரான முதல் ஆண்டிலேயே விருது விருந்து வந்தது. நூற்றிருபது பேர், வெள்ளை மேசைவிரிப்பு, டை கட்டிய ஆண்கள். முதல் அணிக்குச் சிறந்த வீரர், சிறந்த முன்வரிசைக்காரர், அதிக டிரை என்று கோப்பைகளாகக் கொடுத்துத் தள்ளினேன். கைதட்டல் ஓயவே இல்லை. அருமையாக நடந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்து ஜெர்சி அறையின் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று அணிகளின் சேறு படிந்த ஜெர்சிகளை, வாரம் அறுபதுக்கு மேல், துவைத்து, எண் வரிசையாக அடுக்கி வைப்பவர் அவர். அவர் மகன் ஆட்டத்தை விட்டு வேறு ஊருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் துவைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கோபமாகப் பேசவில்லை அவர். தேநீர் கொடுத்தார். "பதினோரு வருஷம் துவைச்சேன். அன்னைக்கு ராத்திரி என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர், நீங்க யாரோட விருந்தாளியா வந்திருக்கீங்கன்னு என்கிட்ட கேட்டார்" என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. கேட்டவர் முதல் அணியில் ஆடுகிறவர். அவர் சட்டையைத்தான் இவர் ஒவ்வொரு வாரமும் துவைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சனியும் ஞாயிறும் யார் என்ன செய்தார்கள் என்று அன்றே எழுதிவிடுவேன். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும். "பெருமழை. கொடிக் கம்பங்களை நனைந்துகொண்டே நட்டது 14 வயது அணிக்காரரின் தாத்தா." "எதிரணியில் ஆள் குறைந்ததால் நம் பையன்கள் இருவர் அவர்கள் சட்டையைப் போட்டு ஆடினார்கள்." "மூன்றாவது அணிக்கு ப்ராப் இல்லை. 51 வயதில் பூட்ஸ் கட்டினார், ஆட்டம் நடந்தது."

இந்தக் கடைசிக் குறிப்பை விளக்க வேண்டும். ஸ்க்ரமின் முன்வரிசையில் இரண்டு ப்ராப், நடுவில் ஹூக்கர் என்று மூன்று பேர். பின்னாலிருந்து வரும் தள்ளல் முழுவதும் அவர்கள் கழுத்திலும் தோளிலும் இறங்கும். அதற்கென்று பயிற்சி பெறாதவரை அங்கே நிறுத்தக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் தள்ளாமல் சும்மா கோத்துக்கொள்ளும் ஸ்க்ரம்தான். பலருக்கு அதில் ஆட மனம் வராது. அதனால் சிறிய கிளப்புகளில் ஓட்டக்காரர் கிடைப்பார், ப்ராப் கிடைக்க மாட்டார். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போன் செய்து, "நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம்" என்றால் மறு பேச்சில்லாமல் வருகிற ஐம்பது வயதுக்காரர்தான் பல மூன்றாம் அணிகளைத் தாங்குகிறார். எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

விருது விருந்தின் வரிசையையும் மாற்றினோம். இப்போது கோப்பைகளுக்கு முன்னால் நோட்டு. சாப்பாடு வருவதற்கு முன் இருபது நிமிடம், பெயர் பெயராக வாசிப்பேன். "கிளப்புக்காக உழைத்த அனைவருக்கும் நன்றி" என்ற வாக்கியம் என் வாயில் வராது. அது யாரையும் தொடாது. எந்தத் தேதி, என்ன வேலை, எந்த மழை என்று சொன்னால், அந்த மனிதர் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்து மேசைக்காரர் திரும்பி, அது நீங்கதானா என்று கேட்பார். இப்படி வாசிக்க ஆரம்பித்த பிறகு, அடுத்த ஆண்டுக்கு ஆள் தேடும் வேலை பாதியாகக் குறைந்தது. கொண்டாட்டம் என்பது வேலை முடிந்த பின் வைக்கும் விருந்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது வேலையின் பாதி. ஜெர்சி அறைச் சாவியை அந்த அம்மா மூன்று வாரம் கழித்து வாங்கிக்கொண்டார். கூடவே இரண்டு இளைஞர்களை உதவிக்குக் கேட்டார், உடனே கொடுத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குச் சாப்பாடு போடுவது இங்கே வழக்கம். எண்பது நிமிடம் முட்டி மோதியவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இரண்டு கேப்டன்களும் எழுந்து நடுவருக்கும் சமையலறைக்கும் நன்றி சொல்வார்கள். ரக்பியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நான் பொறுப்பேற்ற நாள்களில் சாசேஜும் வறுத்த உருளைக்கிழங்கும் மட்டும்தான். சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர் காய்ச்சலில் படுத்த ஒரு சனிக்கிழமை, அறுபது பேருக்கு 6 கிலோ அரிசியும் 4 கிலோ கொண்டைக்கடலையும் வைத்துக் குழம்பு செய்தேன். அம்மா சொல்லிக்கொடுத்தபடி தேங்காயும் சோம்பும் அரைத்து விட்டது. காரத்தைப் பாதியாக்கினேன். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. இறைச்சி சாப்பிடாத ஆட்டக்காரர்கள் அத்தனை நாளும் வெறும் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரியவந்தது. இப்போது மாதம் ஒரு முறை அந்தக் குழம்பு.

தலையில் அடிபடுவதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அது. 14 வயதுக்குட்பட்டோர் கோப்பை அரையிறுதி, முடிய ஏழு நிமிடம், நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிறோம். எங்கள் பையன் ஒருவன் டேக்கிளில் தலை இடிபட்டு எழுந்தான். நடந்தான், பேசினான். ஆனால் முதலுதவி செய்பவர் "இன்று எந்த மைதானத்தில் ஆடுகிறோம்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறினான். அவர் உடனே வெளியே கூட்டி வந்துவிட்டார். பையனின் அப்பா, "அவன் நல்லாத்தான் இருக்கான், நான் அவன் அப்பா, எனக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டார். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். "வெளியே எடுத்தாச்சு, பேச்சு முடிந்தது" என்று சொன்னேன். தோற்றோம். அந்தப் பையன் அன்று மாலை இரண்டு முறை வாந்தி எடுத்ததாக அவன் அம்மா மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். சில நாளில் தேறிவிட்டான்.

பிரிட்டனில் 2023-இல் வந்த வழிகாட்டுதல் இதில் தெளிவானது. சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வைக்க வேண்டும். அன்றைக்குத் திரும்ப ஆட விடக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக. 21 நாட்களுக்கு முன் போட்டியில் இறங்கக் கூடாது, மோதல் பயிற்சிக்குத் திரும்புவதற்கு முன் தொடர்ந்து 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க வேண்டும். தலைவராக இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலுதவி செய்பவரின் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது என்று சீசன் தொடங்கும் நாளிலேயே எல்லாப் பெற்றோர் முன்னாலும் அறிவித்துவிடுவது. ஆட்ட நடுவில் அறிவித்தால் சண்டைதான் வரும்.

அதே ஆண்டு டேக்கிள் உயரத்தையும் குறைத்தார்கள். முதலில் இடுப்புக்குக் கீழே என்று ரக்பி யூனியன் சொன்னதும் நாடு முழுக்கக் கொதித்தது. பிறகு 2023-24 சீசனிலிருந்து நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே என்று முடிவானது. எங்கள் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டோம். இருபது வருடம் ஆடியவர்கள், ஆட்டத்தையே கொன்றுவிட்டார்கள் என்றார்கள். அவர்களை எதிர்த்துப் பேசாமல் முழுவதும் பேச விட்டோம். அடுத்த செவ்வாய் பயிற்சியாளர் எல்லோர் சட்டையிலும் நெஞ்சுக்குக் கீழே மஞ்சள் டேப் ஒட்டிவிட்டார். அதற்கு மேல் தொட்டால் பந்து எதிர்ப்பக்கத்துக்கு. கத்தினார்கள், சிரித்தார்கள், ஆறு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

பெண்கள் அணி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பலமுறை தொடங்கி நின்றுபோனதற்குக் காரணம் விளம்பரக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காரணம் உடைமாற்றும் அறை. கதவில்லாத பொதுக் குளியலறை, ஆண்களுக்கென்று கட்டியது. பதின்மூன்று வயதுப் பெண் எப்படி அங்கே நிற்பாள்? நிதி திரட்டித் தனித்தனித் தடுப்பும் தாழ்ப்பாளும் போட்டோம். அதன்பின் பன்னிரண்டு பேர் வந்தார்கள், போகவில்லை. 2025 பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோது, ஆகஸ்ட் 30 அன்று நார்தாம்ப்டனில் இங்கிலாந்து சமோவாவுடன் ஆடிய ஆட்டத்துக்குப் பஸ் எடுத்துக்கொண்டு போனோம். 92-3 என்று ஒருதலையாக முடிந்த ஆட்டம். எங்கள் பெண்கள் சமோவாவின் டேக்கிள்களுக்கும் தொண்டை கட்டக் கத்தினார்கள். செப்டம்பர் 27 இறுதிப் போட்டியைக் கூடத்தின் பெரிய திரையில் எல்லோருமாகப் பார்த்தோம். ட்விக்கனமில் 81,885 பேர், இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. அடுத்த ஞாயிறு பதிவுக்கு ஒன்பது புதுப் பெண்கள் நின்றார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்க பூட்ஸ் இல்லாமல் திணறினோம். பெரிய போட்டி வரும் ஆண்டில் பழைய பூட்ஸ்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்துப் பெரியவருக்கு இந்தக் குளிர்காலத்தில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குனிய முடியவில்லை அவரால். சென்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு மடக்கு நாற்காலியில், போர்வையோடு, கோட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். 16 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் ஹூக்கராக ஆடும் பெண் அவருடைய சாவியை வாங்கிக்கொண்டு மைதானத்தில் நடந்துகொண்டிருந்தாள். அன்று அவர்களுக்கு ஆட்டம், பத்தரை மணிக்கு. கோல் கம்பத்தடியில் குத்தினாள். நடுவில் குத்தினாள். ஒவ்வொரு முறையும் சாவியைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். ஆஷ் மர மூலையில் மண்டியிட்டு மூன்று முறை குத்திப் பார்த்துவிட்டு எங்களை நோக்கி ஓடி வந்தாள்.

"மத்த இடமெல்லாம் சரி. அந்த மூலை மட்டும் இறங்கல."

பெரியவர் வானத்தைப் பார்த்தார். வெயில் மரத்தின் உச்சிக்கு வந்திருந்தது. "எத்தனை மணிக்குத் திரும்பப் பார்ப்ப?" என்று அவளையே கேட்டார்.

"ஒன்பதே காலுக்கு" என்றாள். எதிரணியின் மேலாளருக்குப் போன் செய்து, இன்னும் கிளம்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன். பிறகு மூன்று பேருக்கும் தேநீர் எடுத்து வரப் போனேன்.